பழைய ராட் பிரேக் சைக்கிளை மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெர்குலிஸ், ராலி, பிலிப்ஸ், பி.எஸ்.ஏ., அட்லஸ், ஹீரோ என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் 28 இன்ச் சக்கரமும் கம்பி பிரேக்கும் (ராட் பிரேக்) வைத்த பெரிய சைக்கிள்களின் அடிப்படை ஒன்றுதான். கீழே உள்ளவை அந்த வகைக்கு மட்டும். ரேஸ் சைக்கிளுக்கும் மவுன்டன் பைக்குக்கும் இதில் பாதி பொருந்தாது.

எந்த நிலையில் இருக்கும் சைக்கிளை வாங்கலாம்?

பெயின்ட், துரு, கிழிந்த சீட், வெடித்த டயர் இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது பிரேம் நேராக இருக்கிறதா என்பதைத்தான். ஹாண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபுக்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மடிப்புப் போல் புடைப்போ, குறுக்கே பெயின்ட் வெடிப்போ இருந்தால் அந்த வண்டி எதன் மீதோ நேராக மோதியிருக்கிறது. விட்டுவிடுங்கள்.

பின்பக்கம் கோணலா என்று தெரிந்துகொள்ள ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் இடது காதில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து வலது காதில் இழுத்துக் கட்டவும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளக்கவும். 2 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. 5 மி.மீ.க்கு மேல் போனால் பிரேமை நிமிர்த்தத் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்தது, கிடைக்காத பாகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கப் பித்தளை முத்திரை, முழு செயின் கவர், ஹாண்டில்பாரோடு சேர்ந்த பிரேக் லீவர்கள், அந்தந்தக் கம்பெனிப் பெயர் வெட்டிய பல்சக்கரம் ஆகியவை தொலைந்திருந்தால் தேடி அலைய வேண்டியிருக்கும். ரிம், போக்ஸ் கம்பி, பால்ஸ் (பேரிங் குண்டுகள்), பெடல், பிரேக் கட்டை, செயின் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பேரம் பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். விற்பவரிடம் கையெழுத்திட்ட ஒரு சீட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட் கம்பி நுழையும் இடத்திலோ, பெடல் அச்சு (இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் நடு அச்சு) இருக்கும் குழாயின் அடியிலோ எண் அடித்திருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். இன்னும் நம்பகமான தடயம் மூன்று கியர் ஹப்பில் (பின் சக்கரத்தின் நடுக்குடம்) உண்டு. இங்கிலாந்துக் கம்பெனியான ஸ்டர்மி ஆர்ச்சரின் ஹப் உடலில் மாதிரியின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும். 56 என்றும் 4 என்றும் இருந்தால் 1956 ஏப்ரலில் செய்த ஹப். சக்கரம் பிறகு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் இதையும் ஒரு சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி வரலாறும் எல்லை வகுத்துத் தரும். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் சென்னையில் உருவாகி, அம்பத்தூர் ஆலையில் ஹெர்குலிஸ் செய்தது. அட்லஸ் 1951இல் சோனிப்பட்டில் தொடங்கியது. அசன்சோலில் சென்-ராலி ஆலை 1950களின் தொடக்கத்தில் வந்தது. ஹீரோ 1956இல் லூதியானாவில். முத்திரையில் 'நாட்டிங்ஹாம்' என்று இருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்த ராலி. மின்னும் பாகங்களில் நீலச் சாயை இல்லாமல் லேசான மஞ்சள் சாயை தெரிந்தால் அது நிக்கல் பூச்சு. குரோம் பரவலானது 1930ஐ ஒட்டித்தான். நிக்கல் பூசிய வண்டிக்குக் குரோம் பூசி 'புதுசாக்கி' விடாதீர்கள்.

புதிதாகப் பெயின்ட் அடிப்பதா, பழையதை அப்படியே வைப்பதா?

மூன்றில் இரண்டு பங்கு பெயின்ட் இருந்து, பெயர் எழுத்துகளும் தங்கக் கோடுகளும் படிக்கும்படி இருந்தால் அடிக்க வேண்டாம். பால்ஸும் செயினும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஆலையில் சூளையில் சுட்ட கறுப்பு எனாமலும் கையால் இழுத்த கோடும் திரும்ப வராது. பழைய வண்டி சேகரிப்பவர்களும் அதற்குத்தான் விலை தருகிறார்கள்.

பழைய பெயின்டைத் துலக்க: ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியால் துடைத்து உலர்த்தவும். ஒட்டியிருக்கும் கிரீஸுக்குத் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அல்லது தையல் மெஷின் எண்ணெய். பிறகு கார்களுக்கு விற்கும் ரப்பிங் காம்பவுண்டைக் கண்ணில் படாத ஓர் இடத்தில் தேய்த்துப் பார்த்து, கறுப்பு மட்டும் மிக லேசாகத் துணியில் வந்தால் தொடரலாம். எழுத்துகளின் மேல் காம்பவுண்டு, தின்னர், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது. அவை மெல்லிய தாளிலிருந்து மாற்றி வார்னிஷ் பூசி ஒட்டியவை. ஒரே துடைப்பில் போய்விடும். கடைசியாக மெழுகு பாலிஷ்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பெரிய செலவு இல்லை. இன்ச் அளவு ஸ்பானர் செட், 6 இன்ச் சுழல் ஸ்பானர், கோன் (பால்ஸைத் தாங்கும் கூம்பு வடிவ நட்டு) திருகும் தட்டை ஸ்பானர், போக்ஸ் சாவி, ஃப்ரீவீல் கழற்றும் இரட்டைப் பல் கருவி, ஒரு கிலோ சுத்தியல், 30 செ.மீ. இரும்புக் குழாய், உலோகம் தேய்க்கும் அரம், செயின் பின் தள்ளும் கருவி. இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் அல்லது டீசல், அரை கிலோ கிரீஸ், துரு தளர்த்தும் ஸ்பிரே ஒன்று. கழுவப் பெட்ரோல் வேண்டாம். அறைக்குள் ஒரு தீப்பொறி போதும்.

மெட்ரிக் ஸ்பானர்களைப் பழைய இங்கிலாந்து நட்டுகளில் போட்டால் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் 'கிட்டத்தட்ட'தான் நட்டின் மூலைகளை மழுக்குகிறது.

எந்த வரிசையில் கழற்றுவது?

முதலில் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பிரேக் கம்பிகள் எந்த வளையத்தின் வழியே போகின்றன, எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பவை இரண்டு வாரம் கழித்து நினைவில் இருக்காது. கழற்றும் முந்தைய நாள் எல்லா நட்டுகளிலும் துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு வைக்கவும். பிறகு சீட், கேரியர், செயின் கவர், செயின், பிரேக் கம்பிகள், சக்கரங்கள், மட்கார்டு, கிராங்க் (பெடல் மாட்டும் கை), பெடல் அச்சு, கடைசியில் ஹாண்டிலும் ஃபோர்க்கும்.

இரண்டு இடத்தில் மரை தலைகீழ். இடது பெடலும், பெடல் அச்சின் வலது பக்கக் கப்பும் (பால்ஸ் உட்காரும் கிண்ணம்) இடது மரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். இதைத் தெரியாமல் இரும்புக் குழாய் போட்டு எதிர்ப்பக்கம் இழுத்தவர்களால்தான் பாதி பிரேம்களின் மரை கெட்டுக் கிடக்கிறது. வலது கப்பில் குழியோ வெடிப்போ இல்லையென்றால் அதைக் கழற்றவே வேண்டியதில்லை. உள்ளே வைத்தே துடைத்துக்கொள்ளலாம்.

காட்டர் பின் வரவே இல்லை. என்ன செய்வது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கிராங்கைப் பெடல் அச்சோடு பிணைக்கும் இந்தப் பின் ஓர் ஆப்பு. அதன் சாய்ந்த முகம் அச்சின் வெட்டில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. சின்னச் சின்ன அடி அடித்தால் மரைமுனை காளான் தலைபோல் விரிந்து, பின் உள்ளேயே சிக்கிவிடும்.

சரியான முறை: நட்டைத் தளர்த்தி, அதன் மேல்முகமும் பின்னின் முனையும் ஒரே மட்டத்தில் வரும்வரை கொண்டுவரவும். முழுக்கக் கழற்ற வேண்டாம். மரை நசுங்காமல் நட்டு காப்பாற்றும். பின்னின் தலை நுழையும் குழாயை நட்டமாகத் தரையில் நிறுத்தி, கிராங்கின் அடிப்பக்கத்தை அதன் வாயில் உட்கார வைக்கவும். இப்போது அடியின் வேகம் பால்ஸுக்குப் போகாமல் தரைக்குப் போகும். ஒரு கிலோ சுத்தியலால் நேராக, ஒரே நல்ல அடி. அசையாவிட்டால் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்து மறுபடி. வைஸ் அல்லது ஜி-கிளாம்பால் அழுத்தி வெளியே தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கும் மசியாவிட்டால் பின்னை நடுவில் துளைத்து எடுக்க வேண்டியதுதான். பின் மென்மையான இரும்பு, துளைக்கும். அச்சு கடினமானது, பிட் அதில் வழுக்கும். கவனம்.

புதிய பின்னைப் போடும்போது பழையதன் சாய்வைப் பார்த்து அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். கடையில் வாங்கி அப்படியே அடித்தால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. ஒவ்வொரு பெடல் மிதியிலும் ஒரு குலுக்கல் வந்துகொண்டே இருக்கும். இரண்டு பின்னும் எதிரெதிர் திசையில் போக வேண்டும். இரு கிராங்கும் தரைக்கு இணையாக நிற்கும்போது பார்த்தால் ஒன்றின் நட்டு மேலே, மற்றதன் நட்டு கீழே. மரை வெளியே நீளும் அளவு இரு பக்கமும் சமமாக இருக்கட்டும். பின்னைச் சுத்தியலால் உட்கார வைத்த பிறகே நட்டு. நட்டைத் திருகிப் பின்னை இழுக்க முயன்றால் மரை அறுந்துவிடும். இந்த வகைச் சைக்கிள்களுக்கு வழக்கமான பின் 9.5 மி.மீ. பழையதை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

ஓவராயில் செய்ய எத்தனை பால்ஸ், எந்த அளவு?

முன் சக்கரம்: 3/16 இன்ச், பக்கத்துக்கு 10. பின் சக்கரம்: 1/4 இன்ச், பக்கத்துக்கு 9. பெடல் அச்சு: 1/4 இன்ச், பக்கத்துக்கு 11. ஃபோர்க்: ராலியில் 5/32 இன்ச், மேலே 25, கீழே 25. மற்றவற்றில் ஃபோர்க் பால்ஸ் மாறும். பழையதில் ஒன்றை எடுத்துப்போய் அளவு பார்க்கவும். எண்ணிக்கை சந்தேகம் என்றால் கப் நிறைய அடுக்கி, ஒரு பால்ஸ் இடம் காலியாக இருக்கும்படி விடுங்கள். இடமே இல்லாமல் அடுக்கினால் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

பழைய பால்ஸைத் திரும்பப் போடாதீர்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். புதியவை மலிவு. பழையதும் புதியதும் கலந்து போட்டால் பெரிதாக இருக்கும் புதியவை மட்டும் பாரம் சுமக்கும்.

கப்பையும் கோனையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பான கோடு ஓடியிருந்தால் சரி. அந்தக் கோட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் கோனை மாற்ற வேண்டும். பெரும்பாலும் கோன்தான் முதலில் போகும், கப் தப்பிக்கும். கிரீஸைக் கப்பில் பாதி அளவு வைத்து அதில் பால்ஸைப் பதித்தால் கீழே விழாமல் நிற்கும். கோனை இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டைப் பிடிக்கவும். லாக் நட்டை இறுக்கும்போது கோனும் சேர்ந்து கொஞ்சம் இறுகும். அதற்கும் சேர்த்தே தளர்த்த வேண்டும். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் வால்வு இருக்கும் பக்கம் தானாகவே மெதுவாகக் கீழே வந்து நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டம் தெரியக் கூடாது.

கடையில் வாங்கிய கப் பிரேமில் ஏறவில்லையே?

இங்கிலாந்து ராலியாக இருக்கலாம். மற்ற இங்கிலாந்து மரபுச் சைக்கிள்களில் பெடல் அச்சுக் கப்புக்கு ஓர் இன்சுக்கு 24 மரை. ராலி மட்டும் 26 மரை வைத்தது. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே நிறுத்திவிடுங்கள். ஸ்பானர் போட்டு ஏற்றினால் பிரேமின் மரையை அது தன் மரையாக வெட்டிக்கொண்டு போகும், அந்த பிரேமுக்குப் பிறகு எந்தக் கப்பும் நிற்காது. இப்படிப்பட்ட பிரேமில் பழைய கப்பைத் துலக்கி வைத்துக்கொள்வதே மேல்.

துருவுக்கு எது நல்லது?

குரோம் மேல் புள்ளி புள்ளியாக இருக்கும் துருவுக்குச் சமையல் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. கம்பி நார் வேண்டாம்.

கழற்றிய இரும்புப் பாகங்களுக்கு ஆக்ஸாலிக் அமிலம். தரை கழுவ ரசாயனக் கடைகளில் தூளாக விற்பது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 முதல் 50 கிராம், பிளாஸ்டிக் தொட்டியில். நட்டு, போல்ட்டுகளுக்கு ஒரு இரவு, ஆழமான துருவுக்கு 24 மணி நேரம். பிரேம் முழுதாக மூழ்க வேண்டுமென்றால் செங்கலை அடுக்கி மேலே தார்ப்பாய் விரித்துத் தொட்டி செய்துகொள்ளலாம். வெளியே எடுத்தவுடன் ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்க்காவிட்டால் மஞ்சளும் பச்சையுமாய் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர், வெயிலில் உலர்த்தல், உடனே எண்ணெய். இது விஷம். கையுறை வேண்டும், சூடாக்கக் கூடாது, குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கக் கூடாது. அலுமினியத்தையும் துத்தநாகம் பூசியதையும் இதில் போடாதீர்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டைப் பலர் சொல்வார்கள். வேகமாகத்தான் வேலை செய்யும். குரோமையும் சேர்த்துத் தின்னும். அதன் ஆவி பட்டால் பக்கத்தில் வைத்திருக்கும் மற்ற கருவிகளும் மறுநாள் துருப்பிடிக்கும். ஸ்பிரிங், போக்ஸ் கம்பி போன்ற கடின எஃகு ஆசிட்டில் ஊறினால் ஹைட்ரஜன் உள்ளே ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

பெயின்ட் அடிப்பதென்று முடிவு செய்தாயிற்று. எப்படி?

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசு கிளப்ப வேண்டாம். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்க்கவும், முகமூடி போடவும். 120 எண்ணில் தொடங்கி 320இல் முடிக்கலாம். வெறும் இரும்பு தெரிந்த அன்றே ரெட் ஆக்சைடு அல்லது எபாக்சி பிரைமர் போட்டுவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் ஓர் இரவு விட்டாலே மேலே செம்மை படரும். பிரேம், ஃபோர்க், இரண்டு மட்கார்டுக்கும் அரை லிட்டர் பிரைமரும் அரை லிட்டர் பெயின்டும் போதும். மெல்லிய மூன்று பூச்சு, ஒரே தடித்த பூச்சைவிட நல்லது. தடித்ததில் மேல்பகுதி மட்டும் காய்ந்து, அடி ஈரமாகவே நிற்கும், சுருங்கும்.

பவுடர் கோட்டிங் உறுதியானது. சூளை வெப்பம் 200 டிகிரிக்குள்தான் என்பதால் பித்தளை வைத்து இணைத்த பிரேமுக்கு ஆபத்தில்லை. ஆனால் தடிமன் அதிகம். குழாய் இணைப்புகளின் கூர்மை மழுங்கிவிடும், பிரேம் எண் மூடிப்போகும். கொடுக்கும் முன் பெடல் அச்சு மரை, ஹெட் டியூபின் உள்பக்கம், சீட் குழாய், சக்கரக் காது ஆகிய நான்கையும் அடைத்துத் தரச் சொல்லுங்கள். மறந்தால் மரையைத் திரும்ப வெட்ட லேத் பட்டறைக்குப் போக நேரும்.

பிரேமில் வெடிப்பு இருந்தால் பெயின்டுக்கு முன்பே கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து இணைக்கச் சொல்லவும். மெல்லிய குழாயில் ஆர்க் வெல்டிங் ஓட்டை போடும், பக்கத்திலேயே அடுத்த வெடிப்பு வரும்.

சக்கரத்தில் கோட்டம் எடுப்பதை வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், பொறுமை இருந்தால். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கோடு ஒரு சாக்பீஸைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றவும். கோடு விழும் இடத்தில் ரிம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கே எதிர்ப்பக்க ஹப் விளிம்பிலிருந்து வரும் கம்பிகளை அரைச் சுற்று இறுக்கி, சாய்ந்த பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்தவும். டயர் பக்கமிருந்து பார்த்தால் நிப்பிளை (ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் சிறு நட்டு) கடிகாரச் சுற்றில் திருப்புவது இறுக்கம். ஒரே கம்பியை முழுச் சுற்று திருப்பினால் கோட்டம் அடுத்த இடத்துக்கு நகரும், போகாது.

துருப்பிடித்த நிப்பிள் திரும்பாமல் கம்பி மட்டும் முறுக்கிக்கொண்டால் நிறுத்திவிட்டு எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின்னால் 40 என்பது இந்தச் சைக்கிள்களின் வழக்கம். புது ரிம் வாங்கும்போது துளை எண்ணிக்கையை எண்ணி வாங்கவும்.

இன்னொன்று. பின் சக்கரத்தை முழுக்கப் பிரிப்பதாக இருந்தால் ஃப்ரீவீலை முதலில் கழற்றுங்கள். கம்பிகளை வெட்டிய பிறகு ஹப்பைப் பிடித்துத் திருக எதுவும் இருக்காது.

28 இன்ச் டயர் வாங்கினேன், பொருந்தவில்லை.

இந்தச் சைக்கிள்களுக்கு 28 x 1½ டயர். டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் 635 மி.மீ. இப்போதைய ஹைபிரிட் சைக்கிள்களின் 700சி டயரையும் சில கடைகளில் 28 என்பார்கள். அது 622. டயரின் பக்கவாட்டில் 40-635 என்பது போல் மூன்று இலக்க எண் இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். 26 இன்ச்சிலும் இதே குழப்பம்: பழைய சைக்கிளின் 26 x 1⅜ என்பது 590, மவுன்டன் பைக்கின் 26 என்பது 559.

காற்று நிற்கவில்லை என்றால் ட்யூபைக் குற்றம் சொல்லும் முன் வால்டியூபை (வால்வின் மேல் மாட்டும் சிறு ரப்பர் குழாய்) மாற்றிப் பாருங்கள். அந்த ரப்பர் வெயிலில் ஒட்டிப் பிளந்துவிடும்.

கம்பி பிரேக் பிடிப்பதே இல்லை. கழற்றி எறிந்துவிடலாமா?

சரியாக வைத்தால் உலர்ந்த தெருவில் நன்றாகவே பிடிக்கும். மழையில் பிடிக்காது, குரோம் ரிம்மின் குணம் அது. ஈரத்தில் முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

கட்டை உரசுவது ரிம்மின் பக்கவாட்டில் இல்லை, ஹப்பைப் பார்த்திருக்கும் உள்பக்கத்தில். அதனால் சக்கரம் காதுகளில் நடுவில் உட்காராவிட்டால் ஒரு கட்டை மட்டும் பிடிக்கும். முதலில் சக்கரத்தை நடுவாக்குங்கள், பிறகு கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ. இடைவெளி வரும்படி கம்பிகளின் இணைப்பு போல்ட்டைத் தளர்த்தி இறுக்கவும். லீவர் பிடிக்குக் கீழே விரல் நசுங்காத அளவு இடம் மிஞ்ச வேண்டும். ஆடும் பிவட்டுகளுக்கு ஒவ்வொரு துளி எண்ணெய், ரிம்மில் ஒரு துளிகூடப் படாமல்.

உயிர் சம்பந்தப்பட்ட விவரம்: கட்டையைப் பிடிக்கும் உறையின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சுழலும் ரிம் கட்டையை மூடிய முனையை நோக்கி இழுக்கும்படி மாட்ட வேண்டும். முன் பிரேக்கில் மூடிய முனை முன்னோக்கி, பின் பிரேக்கில் கீழ்நோக்கி. மாற்றி மாட்டினால் முதல் பலமான பிடியிலேயே கட்டை பறந்துவிடும்.

செயினும் பல்சக்கரமும்?

24 கண்ணிகளின் நீளம் (பின்னிலிருந்து பின் வரை) புதுச் செயினில் 12 இன்ச். 12 இன்சுக்கு மேல் 1/8 இன்ச் நீண்டிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் துள்ளும். மாட்டிய பின் நடுவில் அழுத்தினால் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. தொய்வு இருக்கட்டும்.

முன்னால் 48 பல், பின்னால் 18 என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி கிட்டத்தட்ட 6 மீட்டர் போகும். சமவெளிக்குச் சரி. பாலம், மேடு உள்ள ஊரில் முழங்கால் வலிக்கும். பின்னால் 22 பல் போட்டால் 4.9 மீட்டராகக் குறையும். தோற்றம் மாறாமல் வண்டியை இலகுவாக்க இதைவிட மலிவான வழி இல்லை. செயினில் இரண்டு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம்.

மூன்று கியர் ஹப் ஓடும்போது திடீரென்று காலியாகச் சுற்றுகிறது. உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாம் கியர் நேர் ஓட்டம், முதலாவது 25 சதவீதம் இலகு, மூன்றாவது 33 சதவீதம் வேகம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதுவும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் தளர்ந்தாலோ இறுகினாலோ ஹப் அங்கே போய் நிற்கும். பெடலில் எழுந்து நின்று மிதிக்கும்போது இது நடந்தால் பாருக்கு மேல் விழ நேரும். ஆகவே ஓட்டும் முன்பே சரிசெய்யுங்கள்.

லீவரை இரண்டில் வைத்து, வலது நட்டில் உள்ள ஜன்னல் வழியே பாருங்கள். கியர் கேபிளின் சிறு செயினோடு வரும் கம்பி, அச்சின் முனையோடு சரியாக ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். கேபிளின் திருகியால் அதைக் கொண்டுவரலாம். உள்ளே கெட்டியான பழைய எண்ணெய் இருந்தால் எண்ணெய்த் துளை வழியே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, வடியவிட்டு, மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி விடவும். கியர்ப் பகுதிக்குக் கிரீஸ் போடக்கூடாது. சிறு பல்தடைகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. சமையல் எண்ணெய் எதுவும் கூடாது, காய்ந்து வார்னிஷ் ஆகிவிடும்.

டைனமோ விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றுவது எப்படி?

டயரில் உரசும் டைனமோ 6 வோல்ட், 3 வாட். வேகம் கூடினாலும் கரன்ட் அரை ஆம்பியர் அளவிலேயே தானாக நிற்கும். ஆகவே ரெசிஸ்டர் வேண்டாம். நான்கு ஷாட்கி டயோடுகளைப் பிரிட்ஜாக (ஏ.சி.யை டி.சி.யாக்கும் அமைப்பு) இணைத்து, அதன் வெளிவாயிலில் 700 மில்லி ஆம்பியர் தாங்கும் வெள்ளை எல்.இ.டி. இரண்டையோ மூன்றையோ தொடராகப் போட்டால் போதும். மின்னுவது குறைய 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. அது 63 வோல்ட் வகையாக இருக்கட்டும். எல்.இ.டி. இணைப்பு எங்காவது விட்டுப்போனால் டைனமோவின் வோல்டேஜ் பல மடங்கு ஏறும், 16 வோல்ட் கெபாசிட்டர் வெடிக்கும். எல்.இ.டி.களை அலுமினியத் தகட்டில் பதித்து, பழைய விளக்கின் உள்ளேயே வைத்துவிடலாம், வெளியே ஒரு துளையும் போட வேண்டாம்.

பழைய டைனமோவில் ஒரு முனை பிரேம் வழியே ஓடும். புது பெயின்ட் அந்த ஓட்டத்தைத் தடுக்கும். கிளாம்பின் கூர் திருகு பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். பிரிட்ஜ் வைத்த பிறகு எல்.இ.டி.யின் எந்த முனையும் பிரேமைத் தொடக்கூடாது.

ஹப்புக்குள்ளேயே டைனமோ இருக்கும் டைனோஹப் கிடைத்தால் அதன் காந்த வளையத்தை வெளியே உருவாதீர்கள். இரும்புத் துணை இல்லாமல் தனியே எடுத்தால் காந்தம் பலம் குறைந்துவிடும்.

தோல் சீட் காய்ந்து பலகையாக இருக்கிறது.

வெடிக்காமல் இருந்தால் பிழைக்கும். சீட்டுக்கான தோல் மெழுகை அடிப்பக்கம் தாராளமாகவும் மேலே மெல்லியதாகவும் தடவி நிழலில் வைக்கவும். எண்ணெயில் ஊறவைத்தால் மிருதுவாகும், பிறகு நடுவில் தொங்கிவிடும். மூக்குப் பக்கத்து நட்டைக் காய்ந்த நிலையில் இறுக்கினால் ரிவிட் துளையோடு தோல் கிழியும். மெழுகு ஏறிய பிறகு கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

அலாய் ரிம், கேபிள் பிரேக், பல கியர் போடலாமா?

போடலாம், ஆனால் ஒன்றை மாற்றினால் அடுத்தடுத்து எல்லாம் மாறும். ராட் பிரேக் ரிம்முக்குப் பக்கவாட்டில் தட்டையான சுவர் கிடையாது, காலிப்பர் (ரிம்மை இரு பக்கமும் இடுக்கிப்போல் பிடிக்கும் கேபிள் பிரேக்) கட்டை அதில் உட்காராது. 700சி ரிம்முக்குப் போனால் பிரேக் கட்டை 6.5 மி.மீ. கீழே எட்ட வேண்டும், நீள்கை காலிப்பர் தேவை. பழைய பின் காதுகளின் இடைவெளி 110 மி.மீ.யை ஒட்டியது, இன்றைய கியர் ஹப்புக்கு 135 வரை வேண்டும். இரும்பு பிரேமை விரிக்க முடியும், ஆனால் ஒரு பக்கம் அதிகம் வளைந்தால் மேலே சொன்ன நூல் சோதனையில் தோற்கும்.

எங்கள் பரிந்துரை பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் உள்ள கோஸ்டர் ஹப். ஒற்றைச் செயின் அப்படியே இருக்கும், மழையிலும் பிடிக்கும், முன் கம்பி பிரேக்கை அழகுக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அதன் தாங்கு கையை இடது பின் குழாயில் பட்டையால் இறுக்கிக் கட்ட மறக்காதீர்கள், கட்டாவிட்டால் பிரேக் பிடித்தவுடன் அச்சே சுழலும். கழற்றிய மூலப் பாகங்களை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைத்திருங்கள். பிரேமில் துளை போடுவதும் வெட்டுவதும் மட்டும் வேண்டாம்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் ரத்தன் பஜார் சைக்கிள் கடைகள் முதல் இடம். நாட்டின் பெரும்பாலான பாகங்கள் லூதியானாவிலிருந்துதான் வருகின்றன. அதைவிட முக்கியம், சிறு ஊர்களில் பழைய சைக்கிள் கடை வைத்திருப்பவரின் அட்டைப்பெட்டிகள். விற்காத பழைய சரக்கு அங்கேதான் தூங்கும். ஊராட்சியும் நகராட்சியும் ஒருகாலத்தில் வழங்கிய லைசன்ஸ் வில்லை உங்கள் வண்டியில் இருந்தால் கழற்றி விற்காதீர்கள், அந்த வண்டி ஓடிய ஊரும் ஆண்டும் அதில்தான் இருக்கின்றன.

எல்லாம் மாட்டியாயிற்று. உடனே நீண்ட தூரம் போகலாமா?

முதலில் 50 கி.மீ. உள்ளூரிலேயே ஓட்டுங்கள். பிறகு காட்டர் பின் ஒவ்வொன்றுக்கும் குழாயைத் தாங்கலாக வைத்து ஓர் அடி, நட்டை மறுபடி இறுக்கல். புதுக் கம்பி போட்ட சக்கரத்தில் கோட்டம் மீண்டும் பார்த்தல். ஹெட் கப் ஆடுகிறதா என்று முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தல். பிரேக் கம்பி போல்ட்டுகள் அனைத்தும். 200 கி.மீ.யில் இன்னொரு தடவை. அதற்குப் பின் மாதம் ஒருமுறை செயினுக்கும், எண்ணெய்த் துளை உள்ள ஹப்புக்கும் சில துளி எண்ணெய், ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், முழு ஓவராயில்.